மிக்சரின் வெளிவாயில்கள்

மிக்சர் என்றதும் நம்மவர்க்குத் தின்பண்டம் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது, நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் மேடையருகே வீற்றிருக்கும் ஒலிக்கலவைப் பொறியை. அதன் குமிழ்களைத் திருகப் பலர் முந்துகிறோம். வெளிவாயில்களை நோக்குவோர் சிலரே.

'மெயின் அவுட்' அவையோருக்குரியது. அதில் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கேபிளையே பூட்டுங்கள். முதல் முனை தரை. இரண்டாவதில் ஒலியலை நேராகவும், மூன்றாவதில் அதுவே தலைகீழாகவும் செல்கிறது. வழியில் புகும் இரைச்சலோ இரண்டிலும் ஒரேபடியாக ஏறும். மறுமுனையிலுள்ள பெருக்கி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. இரைச்சல் மறைய, பாட்டு நிற்கிறது. என்ன அழகான கணக்கு!

பாடுவோர் தம் குரலைத் தாமே கேட்பதற்கு 'ஆக்ஸ்' வாயில் உண்டு. அதனை 'ப்ரீ-ஃபேடர்' நிலையில் வைத்தல் வேண்டும். இன்றேல், அவைக்கு ஒலியைக் குறைக்கும்போதெல்லாம் பாடகர் செவிக்கும் குறையும், சுருதி தடுமாறும், பழியோ பாடகர் மீது!

'ரெக்கார்டு அவுட்' பதிவுக்கு மட்டுமே. மெயினின் வழக்கமான அளவு 1.23 வோல்ட்; இதனுடையதோ பெரும்பாலும் 0.316 வோல்ட். இதைப் பெருக்கியில் மாட்டிவிட்டு, ஒலி போதவில்லையென்று குமிழை முடுக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.