இரசாயனக் கணிப்பில் எண்ணும் திணிவும்

இரசாயனக் கணிப்பு மாணாக்கர் பலருக்கு அச்சந் தருவதொன்றாக இருந்து வருகின்றது. அதில் வரும் கணிதமோ கீழ்வகுப்பிற் கற்ற விகிதசமமேயன்றி வேறன்று. சமன்பாடு எதனைக் கூறுகின்றது என்பதை உணராமையே இடர்ப்பாட்டிற்குக் காரணமாகும்.

ஐதரசனின் இரு மூலக்கூறுகளும் ஒட்சிசனின் ஒரு மூலக்கூறும் கூடி நீரின் இரு மூலக்கூறுகளைத் தருகின்றன. இதனைக் கண்ட மாணாக்கன், 2 கிராம் ஐதரசனுக்கு 1 கிராம் ஒட்சிசன் போதும் என எழுதிவிடுகின்றான். சமன்பாட்டின் குணகங்கள் எண்ணிக்கையைக் குறிப்பன, திணிவைக் குறிப்பனவல்ல. ஒட்சிசன் மூலக்கூறொன்று ஐதரசன் மூலக்கூறொன்றிலும் 16 மடங்கு திணிவுடையது. ஆதலின் 4 கிராம் ஐதரசனுக்கு 32 கிராம் ஒட்சிசன் வேண்டும். 36 கிராம் நீர் உண்டாகும்.

துணிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணுதல் நமக்கு இயலாது. தராசில் நிறுத்தலே இயலும். எண்ணையும் திணிவையும் இணைப்பது மூல் என்னும் அலகு. ஒரு மூல் என்பது 6.02214076 × 10²³ துணிக்கைகளென 2019ஆம் ஆண்டில் திட்டமாக வரையறுக்கப்பட்டது. ஒரு பதார்த்தத்தின் சார்மூலக்கூற்றுத்திணிவு எத்தனையோ அத்தனை கிராமில் அதன் ஒரு மூல் உளது. ஆகவே கணிப்பின் படிகள் மூன்று: தந்த திணிவை மூல் எண்ணிக்கையாக மாற்றுக, சமன்பாட்டின் விகிதப்படி வேண்டிய பதார்த்தத்தின் மூல் எண்ணிக்கையைக் காண்க, அதனை மீண்டும் திணிவாக மாற்றுக.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லையே உதாரணமாகக் கொள்வோம். நூற்றுக்கு 80 பங்கு கல்சியங்காபனேற்றுள்ள கல் 250 கிலோகிராம் சூளையில் முற்றாகச் சுடப்படுகின்றது எனின், பெறப்படும் நீறாத சுண்ணாம்பு எவ்வளவு?

கல்லிலுள்ள காபனேற்று 200 கிலோகிராம். அதன் மூலொன்று 100 கிராம். ஆகவே 2,000 மூல் உள. ஒரு மூல் காபனேற்று ஒரு மூல் கல்சியமொட்சைட்டையும் ஒரு மூல் காபனீரொட்சைட்டையும் தரும். ஒட்சைட்டின் மூலொன்று 56 கிராம். எனவே 112 கிலோகிராம் கிடைக்கும். வெளியேறும் வாயு 88 கிலோகிராம். ஏனைய 50 கிலோகிராம் மாறுபடாதெனக் கொண்டால், சூளையில் எஞ்சுவது 162 கிலோகிராம்.

இனி அவ்வொட்சைட்டை 27 கிலோகிராம் நீரால் நீற்றுவோம். நீரின் மூலொன்று 18 கிராம். ஆகவே உள்ளது 1,500 மூல். ஒட்சைட்டோ 2,000 மூல். இரண்டும் ஒன்றுக்கொன்றாகத் தாக்கமுறுதலின், நீரே விளைவை எல்லைப்படுத்துகின்றது. வெப்பத்தால் நீர் ஆவியாகாதெனின், 1,500 மூல், அதாவது 111 கிலோகிராம், கல்சியமைதரொட்சைட்டு உண்டாகும். 500 மூல், அதாவது 28 கிலோகிராம், ஒட்சைட்டு எஞ்சும். திணிவிற் பெரியதெது என்று பார்த்து முடிவு செய்தல் தவறு. மூலையே ஒப்பிடல் வேண்டும்.

விடை சரியோ என அறியத் தராசின் விதியே துணை. இலவோசியே 1789இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய திணிவுக் காப்பு இங்கே நமக்குக் கைகொடுக்கின்றது. முதற்கணக்கில் 112உம் 88உம் சேர 200. இரண்டாவதில் 112உம் 27உம் 139, 111உம் 28உம் 139. இவ்வாறு கூட்டிப் பார்த்தல் ஒரு நிமிடப் பணியே. எனினும் அலகு மயக்கத்தாலும் பெருக்கற் பிழையாலும் வருந் தவறுகளிற் பலவற்றை அது வெளிப்படுத்திவிடும்.

சூத்திரங்களை மனனஞ் செய்து எண்களை அவற்றுட் புகுத்துதல் பயிற்சியாகாது. ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதி, இவ்வெண் எண்ணிக்கையோ திணிவோ எனத் தன்னையே வினவும் மாணாக்கனுக்கு இக்கணிப்பு எளிதாகும். அவ்வழக்கத்தை இளமையிலே கைக்கொள்வார்களாக.