பன்னிரண்டே வாய்ப்புகள்

கிரிக்கெட் பந்தயம் நடக்கும் நாட்களில் நம் வீடுகளில் அப்பாவும் அண்ணன்மாரும் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். நாமும் எட்டிப் பார்த்தால், “பெண் பிள்ளைக்கு இதில் என்ன வேலை?” என்ற கேள்வி எழுவதுண்டு. அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல் பந்தால் பதில் சொன்ன ஒருவரைப் பற்றி இங்கே படிப்போம். அவர் பெயர் ஜூலன் கோஸ்வாமி.

மேற்கு வங்காளத்தில் நதியா மாவட்டத்திலுள்ள சாக்தகா என்னும் சிற்றூரில் 1982 நவம்பர் 25 அன்று அவர் பிறந்தார். பயிற்சி பெற வேண்டுமானால் கொல்கத்தாவுக்குத்தான் போக வேண்டும். விடியுமுன் எழுந்து, ரயிலேறி, பயிற்சி முடிந்ததும் மீண்டும் ரயிலேறி, பள்ளிப் படிப்பையும் கவனித்தார். 1997 டிசம்பரில் கொல்கத்தா ஈடன் தோட்ட மைதானத்தில் மகளிர் உலகக் கோப்பை இறுதிப் பந்தயம் நடந்தது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதிய அன்று, எல்லைக் கோட்டருகே நின்று பந்து எடுத்துக் கொடுக்கும் சிறுமிகளுள் ஒருத்தியாக ஜூலனும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 15. தாமும் ஒரு நாள் நாட்டுக்காக ஆட வேண்டும் என்ற உறுதி அன்று பிறந்தது.

ஆடத் தெரியாத தோழியருக்காக ஒரு சிறு விளக்கம். டெஸ்ட் பந்தயத்தில் ஒவ்வோர் அணியும் இரண்டு முறை மட்டை பிடிக்கும். மகளிர் டெஸ்ட் பெரும்பாலும் நான்கு நாட்கள் நடைபெறும். எவ்வளவு ஓட்டம் குவித்தாலும், எதிரணியின் 20 விக்கெட்டுகளையும் சாய்த்தால்தான் பொதுவாக வெற்றி கிட்டும். இல்லையேல் ஆட்டம் முடிவின்றிப் போகும். ஆகவே டெஸ்டில் பந்து வீச்சாளரே வெற்றிக்கு வழி திறப்பவர்.

வேகம் மட்டும் இருந்தால் விக்கெட் விழுந்துவிடாது. பந்தின் நடுவே ஒரு தையல் ஓடுகிறது. அந்தத் தையலை நேராகப் பிடித்து, ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டால், பந்து காற்றில் வளையும். தையல் தரையில் பட்டால் திசை மாறும். ஏறக்குறைய ஆறடி உயரமுள்ள ஜூலன், உயரத்திலிருந்து பந்தை இறக்கி, வலக்கை ஆட்டக்காரரை நோக்கி உள்ளே திரும்பும்படி வீசுவதில் வல்லவர். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பந்தை விழச் செய்யும் பொறுமைதான் அவருடைய பெரிய ஆயுதம்.

அவருடைய முதல் டெஸ்ட் 2002 ஜனவரியில் லக்னோவில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்தது. நாம் மனத்தில் பதிக்க வேண்டியதோ 2006-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணம். லெஸ்டர் நகரில் நடந்த முதல் டெஸ்டில், மாலையில் விக்கெட்டைக் காக்கும் காவலராக அனுப்பப்பட்டவர் அரைச் சதம் கடந்து 69 ஓட்டங்கள் எடுத்தார். அந்த ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இரண்டாம் டெஸ்ட் ஆகஸ்ட் இறுதியில் டாண்டன் நகரில் தொடங்கியது. மிதாலி ராஜ் தலைமையில் ஆடிய இந்தியா 307 ஓட்டங்கள் எடுத்தது. பிறகு ஜூலன் பந்தைக் கையில் எடுத்தார். 33 ஓட்டங்களே கொடுத்து 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இங்கிலாந்து 99 ஓட்டங்களில் சுருண்டது. தொடர்ந்து மறுபடியும் ஆடிய இங்கிலாந்து இம்முறை எளிதில் பணியவில்லை. போராடி 305 ஓட்டங்கள் சேர்த்தது. மற்ற வீச்சாளர்கள் மீது ஓட்டங்கள் குவிந்தபோதும் ஜூலன் 45 ஓட்டங்களுக்கு மேலும் 5 விக்கெட்டுகளை எடுத்தார். ஒரே டெஸ்டில் 78 ஓட்டங்களுக்கு 10 விக்கெட்டுகள்! வீழ்த்த வேண்டிய இருபதில் பாதி ஒருவருடையது. இந்தியா 5 விக்கெட் வித்தியாசத்தில் வென்று, இங்கிலாந்து மண்ணில் முதன்முறையாக மகளிர் டெஸ்ட் தொடரைக் கைப்பற்றியது. அன்று ஜூலனுக்கு வயது 23.

இத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் எப்போது வந்தது தெரியுமா? எட்டு ஆண்டுகள் கழித்து, 2014 ஆகஸ்டில்! ஒருநாள் பந்தயங்களும் இருபது ஓவர் பந்தயங்களும் நடந்தன. மகளிர் டெஸ்ட்டுக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. வேகப்பந்து வீச்சாளரின் உடல் வலுவாக இருக்கும் ஆண்டுகள் சிலவே. அந்த ஆண்டுகள் டெஸ்ட் இன்றியே கழிந்தன. திறமை குறைந்ததால் அல்ல, வாய்ப்பு வராததால் நேர்ந்த இழப்பு இது. இதை நாம் வருத்தத்தோடுதான் குறிக்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் 2014-இல் இங்கிலாந்தின் வார்ம்ஸ்லியில் அழைப்பு வந்தபோது அவர் ஆயத்தமாக இருந்தார். முதல் இன்னிங்ஸில் சென்னையைச் சேர்ந்த நிரஞ்சனா நாகராஜன் 4 விக்கெட்டுகள் எடுக்க, இங்கிலாந்து 92 ஓட்டங்களில் வீழ்ந்தது. இரண்டாம் இன்னிங்ஸில் ஜூலன் 4 விக்கெட்டுகள் எடுத்தார். இந்தியாவே வென்றது. எட்டு ஆண்டுகள் துருப்பிடிக்காமல் ஒரு வாளைக் காத்து வைப்பது எளிய செயலா?

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் புகழ்பெற்ற கபில் தேவ் 1978 முதல் 1994 வரை 131 டெஸ்டுகளில் 434 விக்கெட்டுகள் எடுத்தார்; ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 3.3. ஜூலன் 2002 முதல் 2021 வரை ஆடியவை 12 டெஸ்டுகளே, எடுத்தவை 44 விக்கெட்டுகள், சராசரி 3.7. ஆடவர் ஆட்டமும் மகளிர் ஆட்டமும் வேறு வேறு. யார் பெரியவர் என்று சொல்ல இந்தக் கணக்குப் பயன்படாது. ஒருவருக்கு 131 கதவுகள் திறந்தன, மற்றவருக்குப் பன்னிரண்டே திறந்தன என்பதை மட்டும் இது நமக்குக் காட்டுகிறது.

தாலந்து உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். குறைவாகக் கிடைத்ததே என்று மண்ணில் புதைத்தவனும் அதில் வருகிறான். ஜூலன் புதைக்கவில்லை. கிடைத்த ஒவ்வொன்றையும் பெருக்கினார். ஆனால் இந்தப் பாடம் மாணவியருக்கு மட்டும் உரியதன்று. வாய்ப்பைக் கொடுக்கும் இடத்தில் இருக்கும் பெற்றோரும் பெரியோரும் கூட, எத்தனை கதவுகளைத் திறந்துவைத்தோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

2022 செப்டம்பர் 24 அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஒருநாள் பந்தயம் ஒன்றோடு அவர் ஓய்வு பெற்றார். 2024-இல் நம் சேப்பாக்கம் மைதானத்தில் சினே ராணா, ஒரே டெஸ்டில் 10 விக்கெட்டுகள் எடுத்த இரண்டாவது இந்தியப் பெண்ணானார். டாண்டனில் ஏற்றிய விளக்கிலிருந்து அடுத்த விளக்கு ஏற 18 ஆண்டுகள் ஆயின. 2025-இல் ஈடன் தோட்டத்தில் பார்வையாளர் அரங்கு ஒன்று ஜூலன் பெயரைப் பெற்றது. அன்று எல்லைக் கோட்டருகே பந்து பொறுக்கிக் கொடுத்த சிறுமியின் பெயர் இன்று அதே மைதானத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

தோழியரே, நம் பன்னிரண்டு வாய்ப்புகள் எப்போது வருமென்று நமக்குத் தெரியாது. வரும் நாளில் கையில் பந்து ஆயத்தமாக இருக்கட்டும்.