குடும்பத்தின் குறிக்கோளும் பண்ணைத் தீர்மானங்களும்

விவசாயம் பணம் தேடும் தொழில் மட்டுமன்று. குடும்பத்தின் வாழ்க்கை முழுவதையும் தழுவி நிற்பது. வியாபாரி மாலையில் கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பலாம். குடியானவனுக்கோ வயலும் வீடும் ஒன்றே. பயிருக்கென்று வாங்கிய கடன் பிள்ளைகளின் படிப்பைத் தொடும். வீட்டில் ஒருவர் நோயுற்றால் களையெடுப்புத் தவறும். ஆகையால் பண்ணையின் தீர்மானங்களை வருமானம் ஒன்றையே கொண்டு செய்வது பிசகாகும்.

ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஆலன் சேவரி என்பவர், மேய்ச்சல் நிலங்கள் பாழாவதன் காரணத்தை ஆராயப் புகுந்து, நிலத்தையும் மக்களையும் பணத்தையும் ஒருங்கே வைத்து யோசிக்கும் முறை ஒன்றை வகுத்து, 1988-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மேய்ச்சலைப்பற்றி அவர் கூறியவற்றில் விஞ்ஞானிகளிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஆயினும், தீர்மானம் செய்வதற்கு அவர் காட்டிய வழி எந்த ஊர்க் குடியானவருக்கும் பிரயோஜனப்படக் கூடியது.

குறிக்கோளை எழுதுதல்

முதலில் குடும்பத்தார் அனைவரும் கூடி மூன்று விஷயங்களை எழுதி வைத்தல் வேண்டும். (1) எத்தகைய வாழ்க்கையை விரும்புகின்றனர்? (2) அதற்காகப் பண்ணையில் எவற்றை உண்டாக்கவேண்டும்? (3) பேரப்பிள்ளைகளின் காலத்தில் அந்நிலமும் நீரும் எந்நிலையில் இருக்கவேண்டும்? பெண்டிரும் முதியோரும் வயது வந்த பிள்ளைகளும் இதில் சேராவிடின் பயனில்லை. கடனை அடைப்பவரும், மாட்டுக்குத் தீனி வைப்பவரும், நாளை அந்நிலத்தை உழப்போகிறவரும் அவர்களே.

ஓர் உதாரணம்

ஐந்து ஏக்கர் மானாவாரி நிலமும், தை மாதம் வரை நீர் நிற்கும் கிணறும் உடைய ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். தகப்பனார் 3,00,000 ரூபாய் கடன் பெற்று ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கரும்பு பயிரிட எண்ணுகிறார். குடும்பத்தார் எழுதிய குறிக்கோளிலோ, உறக்கத்தைக் கெடுக்கும் கடன் கூடாதென்றும், ஆண்டு முழுவதும் வீட்டுக்குப் பால் வேண்டுமென்றும், கிணறு வற்றலாகாதென்றும் கண்டிருக்கிறது. இனித் தகப்பனாரின் யோசனையைச் சில கேள்விகளால் சோதிக்கவேண்டும்.

முதற் கேள்வி: இது குறையின் வேரைத் தீர்க்குமா? கிணறு வற்றுவதற்குக் காரணம் ஆழக்குறைவு மட்டுமன்று. வரப்புகள் உடைந்திருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் நிலத்தில் இறங்காமல் ஓடிவிடுகிறது. ஆழத் தோண்டினால் வேர் அப்படியே இருக்கும்.

இரண்டாவது: பணம் எங்கிருந்து வருகிறது? நூற்றுக்கு 12 வட்டியானால் வருஷத்துக்கு 36,000 ரூபாய் வட்டிக்கே போகும். துளையில் நீர் கிடைக்காவிடினும் வட்டி நில்லாது.

மூன்றாவது: அதே பணத்தையும் உழைப்பையும் வேறெதில் செலவிட்டால் குறிக்கோளுக்கு அதிகமாக நெருங்கலாம்? கரும்புக்குப் பத்து முதல் பன்னிரண்டு மாதம் வரை 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் நீர் வேண்டும்; நிலக்கடலைக்கு 500 முதல் 700 மில்லிமீட்டர் போதும்.

நான்காவது: நிலத்துக்கும் அயலாருக்கும் இதனால் விளைவது யாது? ஒருவர் ஆழத் தோண்டினால் அடுத்தவர் கிணறும் வற்றக்கூடும். அவரும் கடன்பட்டு ஆழத் தோண்ட நேரும்.

இவ்வாறு சோதித்தபின், வரப்புகளைச் செப்பனிடுதல், சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு செய்தல், உரிய அநுமதியுடன் ஏரி வண்டல் இடுதல், அரை ஏக்கரில் தீவனச் சோளம் விதைத்தல் ஆகியவை முன்னே வருகின்றன. இவற்றுக்கும் செலவுண்டு, ஆனால் கைப்பொருளைக் கொண்டு சிறுகச் சிறுகச் செய்யலாம். கரும்பைப்போல் ஒரே முறையில் பெருந்தொகை தாரா என்பதையும் குடும்பத்தார் அறிந்தே ஒப்பவேண்டும். நல்ல நீர்வளமுள்ள நிலத்தில் இதே கேள்விகள் கரும்பையே சிறந்ததெனக் காட்டவும் கூடும்.

பின் கவனிப்பு

தீர்மானம் செய்துவிட்டால் காரியம் முடிந்ததன்று. அது தவறாக இருக்கலாம் என்று எண்ணியே கவனித்து வருதல் சேவரி முறையின் சிறந்த அம்சம். மாதந்தோறும் கயிறு விட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து குறிக்கவேண்டும். மழைக்குப்பின் வயலில் நீர் எங்கே உடைத்தோடுகிறது என்று பார்க்கவேண்டும். இரண்டொரு பருவத்தில் குணம் தோன்றாவிடின், வெட்கமின்றித் தீர்மானத்தை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

வருஷத்துக்கொரு முறை, சித்திரையில் பொன்னேர் பூட்டுமுன், குடும்பத்தார் கூடி எழுதிய தாளை மறுபடியும் வாசித்தல் நன்று. எந்தப் பயிர் அதிக விலை போகும் என்பது அப்போது இரண்டாவது கேள்வியாகும். எவ்வாறு வாழ விரும்புகிறோம் என்பதே முதற் கேள்வி.