திரைக்கு அந்தப் பக்கம் ஆலோசகர்

பெர்மாஸ் ஜெயாவில் ஓர் அடுக்குமாடி வீடு. அங்கே மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேர்வு என்றாலே அவளுக்கு வயிற்றைப் பிசைகிறது. பெற்றோர் இருவரும் விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நகரின் மறுபக்கம், தம்போயில் இருக்கும் பெர்மாய் மனநல மருத்துவமனைக்கு வாரந்தோறும் அவளை யார் அழைத்துப் போவது? இணையவழி ஆலோசனை அந்தத் தூரத்தைப் போக்கிவிடும். ஆனால் மூன்றாவது வாரமே அவள் கேமராவை அணைத்துவிட்டு, ‘ம்’, ‘தெரியல’ என்று மட்டும் பதில் சொல்லத் தொடங்கலாம். அடுத்த வாரம் வராமலே போகலாம்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். காணொலி அழைப்பில் உங்கள் முகமே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். முடி கலைந்திருக்கிறதா என்றுதான் கவனம் போகும். பதற்றம் உள்ளவருக்கு இது இன்னும் கடினம். மெல்லிய சுவருக்கு அப்பால் பாட்டி கேட்டுக்கொண்டிருப்பாரோ என்ற பயம் வேறு.

அனுபவமுள்ள ஆலோசகர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். சொந்த முகம் திரையில் தெரியாதபடி மறைக்கச் சொல்வார்கள். யாராவது அறைக்குள் வந்தால் பேச்சை மாற்ற, முன்பே ஒரு ரகசியச் சொல்லை முடிவு செய்துகொள்வார்கள். வெறும் பேச்சைவிடச் செயலுக்கு இடம் கொடுப்பார்கள்: பயங்களைச் சிறிதிலிருந்து பெரிதுவரை ஏணிப்படிகளாகத் திரையில் சேர்ந்து வரைவது, வீட்டுப் பூனையைக் காட்டச் சொல்வது. பூனை வந்த பிறகு பேச்சும் வந்துவிடுவதுண்டு!

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் சாலி மெரி குழுவினர் ‘ஸ்பார்க்ஸ்’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். சோர்வூட்டும் எண்ணங்களே அதில் எதிரிகள். 12 முதல் 19 வயதுவரையிலான 187 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2012இல் வெளியானது. வழக்கமான ஆலோசனைக்கு அது குறைவில்லை என்று தெரிந்தது. விளையாடியவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஏழு கட்டங்களையும் முடித்தார்கள். பிறகு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, முடித்தவர்களின் விகிதம் வெகுவாகக் குறைந்தது. இத்தகைய நிரல்களில் ஒரு மனிதர் இடையிடையே விசாரித்தால் தொடர்வோர் கூடுவதை வேறு ஆய்வுகளும் காட்டுகின்றன. விளையாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், ‘போன வாரம் எங்கே காணோம்?’ என்று கேட்க ஆள் வேண்டியிருக்கிறது.

நமது சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், பதின்ம வயதினரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மனச்சோர்வை உணர்ந்ததாகத் தெரியவந்தது. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

நீங்களே இத்தகைய ஆலோசனையில் இருந்து, அது சலித்துப்போனால், சொல்லாமல் நழுவாதீர்கள். சலிப்பதை ஆலோசகரிடமே சொல்லுங்கள்; நேரத்தைக் குறைக்கலாம், தட்டச்சு செய்து பேசலாமா என்றும் கேட்கலாம். இன்னும் தொடங்காதவர்கள் பள்ளி ஆலோசக ஆசிரியரை அணுகலாம், அல்லது அமைச்சின் ‘ஹீல்’ உதவி எண் 15555க்கு அழைக்கலாம்.