வாக்காளர் பட்டியலும் நீக்கப்படும் பெயர்களும்

முன்னுரை

தேர்தல் என்றதும் கொடிகளும் பதாகைகளும் கூட்டங்களும் மையிட்ட விரல்களும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை அனைத்திற்கும் முன்பே தேர்தலின் போக்கை மாற்றவல்ல ஆவணம் ஒன்று உண்டு. அதுவே வாக்காளர் பட்டியல். அதில் பெயர் உள்ளவர் வாக்காளர். பெயர் இல்லாதவர், அவர் எத்தனை தலைமுறையாக அவ்வூரில் வாழ்ந்தவராயினும், வாக்களிப்பு மையத்தின் வாசலோடு திரும்ப வேண்டியவரே.

தேர்தல் நெருங்கும் வேளையில் இப்பட்டியலிலிருந்து பெயர்கள் நீக்கப்படுவது பல நாடுகளில் சர்ச்சையை எழுப்பியுள்ளது. தமிழர் வரலாற்றிலும் இதற்கு அழுத்தமான சான்றுகள் உள்ளன. இலங்கை மலையகம், இந்தியா, மலேசியா ஆகிய மூன்று இடங்களின் அனுபவங்களைக் கொண்டு, ஒரு நீக்கம் எப்போது நியாயமாகிறது, எப்போது அநீதியாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நீக்கம் ஏன் தேவைப்படுகிறது?

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் நீக்கம் என்பது இயல்பிலேயே தவறான செயல் அன்று. இறந்தவரின் பெயர் பட்டியலில் நீடித்தால் அப்பெயரில் வேறொருவர் வாக்களிக்க வழி பிறக்கும். ஒருவரின் பெயர் இரண்டு தொகுதிகளில் இருந்தால் அவருக்கு இரண்டு வாக்குகள் கிடைக்கும். எனவே, பட்டியலைத் தூய்மைப்படுத்துவது தேர்தல் ஆணையத்தின் கடமையாகும்.

சிக்கல் தூய்மைப்படுத்தும் முறையிலேதான் எழுகிறது. ஒரு நீக்கத்தை எடைபோட மூன்று வினாக்கள் போதுமானவை. ஒன்று, நீக்கத்திற்கான காரணம் உரியவருக்குத் தெரிவிக்கப்பட்டதா? இரண்டு, மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? நீக்குகின்ற அரசாங்கத்தினுடையதா, நீக்கப்படும் குடிமகனுடையதா? மூன்று, தவறு நேர்ந்திருந்தால் தேர்தலுக்கு முன் திருத்திக்கொள்ளக் காலமும் வழியும் இருந்தனவா?

இம்மூன்றனுள் மூன்றாவதே உயிர்நாடி எனலாம். பறிபோன நிலத்தை வழக்காடி மீட்கலாம். பறிபோன ஊதியத்தை வட்டியோடு பெறலாம். வாக்களிப்பு நாளில் பறிபோன வாக்கை எந்த நீதிமன்றத்தாலும் அந்நாளுக்குத் திருப்பிக் கொடுக்க இயலாது. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், பெயர்களை மொத்தமாக நீக்கும் பணிகளைக் கூட்டரசுத் தேர்தலுக்கு 90 நாள்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று விதித்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

மலையகம்: சட்டத்தின் வழி நீக்கம்

தமிழர் வரலாற்றில் பெரும் வாக்காளர் நீக்கம் ஒன்று இலங்கை மலையகத்தில் நிகழ்ந்தது. 1931 முதல் நடைமுறைக்கு வந்த வயது வந்தோர் வாக்குரிமையின் கீழ், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுள் கணிசமானோர் வாக்காளராயினர். 1947-ஆம் ஆண்டின் நாடாளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வெற்றி பெற்றனர். மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளைதான் இவர் என்பது இலக்கிய மாணவர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணை நின்றன.

நாடு 1948 பிப்ரவரியில் சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையில் பிறந்தவர் ஒருவர் குடிமகனாக ஏற்கப்பட, தம் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்குப் பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து லயத்திலேயே மடிந்த தலைமுறைக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? அடுத்து, 1949-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், குடிமக்கள் மட்டுமே வாக்காளர் பட்டியலில் இடம்பெறலாம் என்றது. இவ்விரு சட்டங்களும் கைகோத்தபோது, தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் பட்டியலிலிருந்து உதிர்ந்தன. 1952-ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலில் மலையக மக்களின் பிரதிநிதியாக ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

இதனிடையே, 1949-இல் வந்த மற்றொரு சட்டம் விண்ணப்பத்தின் பேரில் குடியுரிமை பெற வழிவிட்டது. மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். ஏறத்தாழ 8 லட்சம் பேரின் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்டுகள் பல கடந்த பின்னர் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே.

கோடகன் பிள்ளை வழக்கு

இந்நீக்கம் நீதிமன்றம் வரை சென்றது. ருவன்வெல்ல தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடகன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். பதிவு அதிகாரி மறுத்தார். மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி சிவஞானசுந்தரம், அச்சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தார். அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆவது பிரிவு, ஏனைய சமூகத்தவருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தவர் மீது மட்டும் சுமத்தும் சட்டத்தைத் தடைசெய்திருந்தது. 1951-இல் இலங்கை உச்சநீதிமன்றம் இத்தீர்ப்பை மாற்றியது. 1953-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் உச்சநீதிமன்றத்தின் முடிவையே உறுதிசெய்தது. ஒரு நாடு தன் குடிமக்கள் யாரென வரையறுப்பது இயல்பானதே; அதைச் சமூகப் பாகுபாடாகக் கருத இயலாது என்பது அதன் நிலைப்பாடு.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அச்சட்டங்கள் இரண்டும் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லி வாக்குரிமையைப் பறிக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு சான்றைத்தான் கேட்டன. அச்சான்று யாரிடம் இல்லை என்பது கேட்டவர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. நம்முடைய இரண்டாவது வினாவின் ஆழம் இங்கேதான் புலப்படுகிறது. மெய்ப்பிக்கும் பொறுப்பை இடம் மாற்றினாலே போதும். தனியே நீக்க ஆணை எதுவும் தேவைப்படாது.

அவ்விழப்பைச் சரிசெய்ய நெடுங்காலம் பிடித்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட முனைந்தது. அவர்களுள் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் முடிவு செய்யப்பட வேண்டியவர்கள். தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் நாடாளுமன்றம் சென்றது 1977-இல்தான். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது. 1949-இல் பட்டியலிலிருந்து உதிர்ந்த பெயர்கள் முழுமையாகத் திரும்ப அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தியா: நிர்வாகத்தின் வழி நீக்கம்

மலையகத்தில் சட்டம் செய்ததை வேறிடங்களில் நிர்வாக நடைமுறையே செய்யக்கூடும். 2025 ஜூன் 24-ஆம் நாள் இந்தியத் தேர்தல் ஆணையம் பீகார் மாநிலத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்கு ஆணையிட்டது. சட்டமன்றத் தேர்தல் அதே ஆண்டு நவம்பரில் நடைபெறவிருந்தது. ஆகஸ்ட் 1-இல் வரைவுப் பட்டியல் வெளிவந்தபோது, 7 கோடியே 89 லட்சமாக இருந்த எண்ணிக்கையில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், குடிபெயர்ந்தோர், இரட்டைப் பதிவுடையோர் எனத் தொகையளவில் விளக்கம் தரப்பட்டது. ஆனால், யார் எக்காரணத்தால் விடுபட்டார் என்ற பட்டியல் அப்போது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

ஆகஸ்ட் 14-இல் இந்திய உச்சநீதிமன்றம் தலையிட்டது. விடுபட்டோர் பெயர்களைக் காரணத்துடன் வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டது. பின்னர், ஆதார் அட்டையையும் அடையாளச் சான்றாக ஏற்கச் செய்தது. செப்டம்பர் 30-இல் வெளியான இறுதிப் பட்டியலில் 7 கோடியே 42 லட்சம் பேர் இருந்தனர்.

தமிழகத்திலும் 2026 சட்டமன்றத் தேர்தலை முன்னிட்டு இதே திருத்தம் மேற்கொள்ளப்பட்டது. 2025 டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. 6 கோடியே 41 லட்சம் என்ற எண்ணிக்கை 5 கோடியே 43 லட்சமாகக் குறைந்தது. விடுபட்டோரில் ஏறத்தாழ 66 லட்சம் பேர் இடம் மாறியோர் அல்லது முகவரியில் காணப்படாதோர் என வகைப்படுத்தப்பட்டனர். இறந்தோர் பெயர் நீக்கப்பட்டதை யாரும் குறைகூற இயலாது. முகவரியில் இல்லாதோர் நிலை அத்தகையதன்று. வேலை தேடி வெளியூர் சென்றவரும், வாடகை வீடு மாறியவரும், அதிகாரி வந்த வேளையில் கதவு பூட்டியிருந்தவரும் ஒரே வகைக்குள் அடங்கிவிடக்கூடும். பெரும்பாலும் ஏழைகளே அடிக்கடி வீடு மாறுகிறார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

பீகார் அனுபவம் நமக்கு ஒரு பாடத்தைத் தருகிறது. காரணத்தை வெளியிடச் செய்ய ஒரு நீதிமன்றம் இருந்தது. அதன் கதவு தேர்தலுக்கு முன் திறந்திருந்தது.

மலேசியா: மூடப்பட்ட கதவு

நம் நாட்டில் அக்கதவின் நிலை என்ன? 1999-ஆம் ஆண்டின் சபா மாநிலத் தேர்தலில் லிக்காஸ் தொகுதியின் முடிவை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. தகுதியற்றோர் பலர் பட்டியலில் இடம்பெற்றிருந்ததைக் கண்டறிந்த நீதிபதி முகமது காமில் அவாங், 2001 ஜூன் 8-இல் அத்தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தார்.

அடுத்த ஆண்டே, அதாவது 2002-இல், 1958-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தில் 9ஏ எனும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, உறுதிசெய்யப்பட்டு அரசிதழில் அறிவிக்கப்பட்ட பட்டியல் இறுதியானது. அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது. இப்பிரிவு இருபுறமும் வெட்டும் கத்தி போன்றது. சேரக்கூடாத பெயர் சேர்ந்திருந்தாலும் நீக்க முடியாது. நீங்கக்கூடாத பெயர் நீங்கியிருந்தாலும் சேர்க்க முடியாது. தேர்தலுக்கு இறுதியான ஒரு பட்டியல் தேவை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும், வெளிப்படையான பிழையைக்கூட நீதிமன்றம் தொட முடியாது என்பது அவ்வாதத்தின் எல்லையைத் தாண்டுவதாகும். இப்பிரிவு திருத்தப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

காஜாங்கிலிருந்து பார்க்கையில்

இதனால் நமக்கென்ன என்று எண்ணலாம். காஜாங் சட்டமன்றத் தொகுதியில் 2014 ஜனவரியில் உறுப்பினர் பதவி விலகினார். மார்ச் 23-இல் இடைத்தேர்தல் நடந்தது. இடைவெளி இரண்டு மாதங்களுக்கும் குறைவு. அன்று 21 வயது நிரம்பியோர் தாமே முன்வந்து பதிய வேண்டியிருந்தது. காலாண்டுப் பட்டியல் அரசிதழில் ஏறிய பின்னரே வாக்குரிமை கிட்டும். இடைத்தேர்தல் செய்தி கேட்ட பிறகு பதியச் சென்றவருக்குக் காலம் கைகொடுத்திராது.

2019-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் 2021 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. வாக்களிக்கும் வயது 18 ஆயிற்று. பதிவும் தானியங்கி முறைக்கு மாறியது. 2018-இல் ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 நவம்பர் 19-இல் நடந்த 15-ஆவது பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சமாக உயர்ந்தது. காஜாங்கை உள்ளடக்கிய பாங்கி நாடாளுமன்றத் தொகுதி 3 லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்காளரோடு நாட்டிலேயே பெரிய தொகுதியாக விளங்கியது.

தானியங்கிப் பதிவு பெரும் முன்னேற்றமே. ஆனால், அது அடையாள அட்டையிலுள்ள முகவரியையே நம்பியிருக்கிறது. இவ்வட்டாரத்துத் தோட்டப்புற மக்கள் எத்தனை முறை இடம்பெயர்ந்தார்கள்! பிராங் புசார் தோட்டம் இன்று புத்ராஜெயாவாகிவிட்டது. தோட்டம் அழிந்து அடுக்ககம் வந்த பிறகும், அட்டையில் தோட்டத்து முகவரியே நீடிக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் பெயர் நீக்கப்படவில்லை. ஆனால், அவர்கள் வாழும் தொகுதியிலும் இல்லை. பாங்கியிலும் செர்டாங்கிலும் பயிலும் மாணவர்களுள் பலர் கெடாவிலும் பேராக்கிலும் வாக்காளர்களே. பயணச் செலவும் தேர்வு அட்டவணையும் குறுக்கிட்டால், பட்டியலில் பெயர் இருந்தும் வாக்கு இல்லை.

மேலும், அடையாள அட்டையில் முகவரியை மாற்றியதும் வாக்களிக்கும் தொகுதி தானாக மாறிவிடும் என்று எண்ணுவது தவறு. தொகுதி மாற்றத்திற்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணை இட்டால், பெயரும் தொகுதியும் நொடியில் தெரியவரும். துணைப் பட்டியல் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும் நாள்களிலேயே கோரிக்கையும் ஆட்சேபமும் எழுப்ப வேண்டும். அரசிதழில் ஏறிவிட்டால் 9ஏ பிரிவு நம் முன் நிற்கும்.

முடிவுரை

மலையகத்தில் சான்று கேட்கப்பட்டது. பீகாரில் காரணம் மறைந்திருந்தது. மலேசியாவில் நீதிமன்றக் கதவு மூடப்பட்டுள்ளது. மூன்றிலும் பொதுவாக அமைவது ஒன்றே. பட்டியலில் ஏற்பட்ட பிழையின் விலையைப் பட்டியலை எழுதியவர் செலுத்துவதில்லை. அதில் இடம்பெறாதவரே செலுத்துகிறார்.

சட்டம் திருந்தும்வரை நாம் காத்திருக்க இயலாது. உயர்கல்விக்கூட மாணவர்கள் தம் பெயரைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடாமல், இணையம் அறியாத தாத்தா பாட்டியின் பெயரையும், தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்த அண்டை வீட்டாரின் பெயரையும் சரிபார்த்துத் தரலாம். முன்னாள் மாணவர்கள் தத்தம் ஊர்களில், கோயில் வளாகத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ, ஆண்டுக்கொரு நாளை இதற்கென ஒதுக்கலாம். அதைத் தேர்தல் அறிவிக்கப்படாத ஆண்டிலேயே செய்ய வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.