வார்டின் பள்ளம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தஞ்சாவூரில் கவுன்சிலருக்கு நிற்கப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். குரலில் பாதி பெருமை, பாதி கலக்கம். எனக்குக் கலக்கம் ஒன்றும் இல்லை. இருபத்தொரு வயது நிரம்பினால் நிற்கலாம் என்கிறது சட்டம். பக்கத்தில் கும்பகோணம் 2021-ல் மாநகராட்சி ஆனது. 2022-ல் அதன் முதல் மேயராக வந்த சரவணன் ஆட்டோ ஓட்டியவர். அதனால் நீ நிற்கலாமா கூடாதா என்று நான் பஞ்சாயத்து பேசப் போவதில்லை. டெல்டா ஊர்களில் நகரமைப்புப் பிரிவில் நாற்காலி தேய்த்தவன் என்ற முறையில், ஜெயித்தால் என்ன வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கவுன்சிலர் கையெழுத்துப் போட்டு எதுவும் நடந்துவிடாது. எஸ்டிமேட் போடுவது பொறியாளர், உத்தரவு போடுவது ஆணையர், வேலையை எடுப்பது கான்ட்ராக்டர். உன் கையில் இருப்பது மாமன்றத்தில் பேசும் உரிமை, தீர்மானத்தில் ஓட்டு, வார்டுக்குள் எந்த வீட்டு வாசலிலும் போய் நிற்கும் தைரியம். இதை அற்பமாக நினைக்காதே. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுத்த கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். ஆபீஸ் வழக்கம்போல நடந்தது, வரி வசூலானது. ஆனால் ஒரு தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைப் பிடிப்பது என்று மக்களுக்குத் தெரியவில்லை.

தஞ்சாவூர் 1866-ல் நகராட்சி, 2014-ல் மாநகராட்சி. 51 வார்டு. 2011 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 22 ஆயிரம் பேர் என்றால் வார்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம். இரண்டு மழைக்காலத்தில் முழு வார்டையும் நடந்தே தெரிந்துகொண்டுவிடலாம். மழைக்காலம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கோடையில் நடந்தால் எல்லாத் தெருவும் சமமாகத்தான் தெரியும்.

டெல்டா என்றாலே தட்டையான பூமி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இங்கே ஒரு ஜாண் உயர வித்தியாசம்தான் யார் வீட்டில் தண்ணீர் புகும் என்பதைத் தீர்மானிக்கிறது. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு. வடக்கே வடவாறு, வெண்ணாறு. நடுவில் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையோடு 1934-ல் வந்தது. அது மேட்டு மட்டத்தை ஒட்டி வெட்டிய கால்வாய். ஆகவே மேற்கிலிருந்து வரும் மழைத் தண்ணீர் அதைக் கடந்து போக வழி விட்டிருக்கிறார்களா, அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறதா என்பது அக்கம்பக்கத்து வார்டுகளுக்கெல்லாம் உயிர்ப் பிரச்சினை.

பழைய ஆட்களுக்கு இந்தச் சரிவு அத்துப்படி. பெரிய கோயிலுக்கு மேற்கே விழும் மழை சேவப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்து, வண்டல் படிந்து தெளிந்து, சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து பூமிக்கடியில் கட்டிய நீர்வழியாக மேலவீதிப் பக்கத்து அய்யன்குளத்துக்குப் போகும். பம்பும் இல்லை, கரண்டும் இல்லை, சரிவு மட்டும்தான். பிற்பாடு வீடும் கடையும் ரோடும் மேலே ஏறியதில் அந்த வழி ஊருக்கே மறந்துபோனது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அய்யன்குளத்தைத் தூர்வாரிக் கட்டியபோது அது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அந்தத் திட்டத்தில் ஊருக்கு நடந்த நல்ல காரியங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். மற்றவை பற்றி நேரில் பேசலாம்.

உள்ளாட்சி என்றதும் மேடைக்கு மேடை உத்தரமேரூர்க் குடவோலையைச் சொல்வார்கள். நீயும் சொல்வாய். அதில் நிற்கக் கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேண்டும், பெண்ணுக்கு இடமே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. நான் உன்னைப் பார்க்கச் சொல்வது நம் பெரிய கோயில் கல்வெட்டை. கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு அதில் இருக்கிறது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து நத்தம், குளம், ஊடே போகும் வாய்க்கால், சுடுகாடு, கன்று மேயும் பாழ் எல்லாவற்றையும் கழித்து, மீதிக்குத்தான் வரி. வேலியை முந்திரி வரைக்கும் பின்னமாக உடைத்து எழுதியிருக்கிறார்கள். பொது நிலம் எது என்று முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றக் கணக்கு. நகரமைப்பு என்று நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ததும் இதுதான். அதே கல்வெட்டில் சேரிகள் தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதையும் பார்ப்பாய். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆகவே ஜெயித்த முதல் மாதம் நீ வாங்க வேண்டியது வார்டின் நில அளவை வரைபடமும் பதிவேடும். ஊர்ப்புறமாக இருந்து மாநகராட்சியில் சேர்ந்த பகுதி என்றால் ‘அ’ பதிவேடு. அதில் வாய்க்கால், குளம், மயானம், மந்தை என்று புறம்போக்கு எல்லாம் சர்வே எண்ணோடு இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நட. காகிதத்தில் வாய்க்கால் இருக்கும் இடத்தில் தரையில் ஒரு காம்பவுண்டுச் சுவர் நிற்கும். யாருடையது என்று விசாரிக்கும்போது குரலை உயர்த்தாதே, முதலில் குறித்துக்கொள். ஆக்கிரமிப்பு என்று நீ கூச்சல் போட்டால் கடைசியில் இடிபடுவது ஓரத்தில் இருக்கும் கீற்றுக் குடிசைதான், காம்பவுண்டுச் சுவர் கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கி வந்துவிடும்.

ஊரைச் சுற்றி நஞ்சை எல்லாம் மனையாகிக்கொண்டிருக்கிறது. மூன்றடி மண்ணடித்து, கல் நட்டு, ஏதாவது ஒரு ‘நகர்’ என்று பெயர் வைக்கிறார்கள். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இதைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதன் தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயுத் தோண்டலும் உருக்காலைகளும் தோல் பதனிடும் ஆலைகளும் உண்டு, மனைப்பிரிவு கிடையாது. அனுமதியில்லா மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ல் தடை போட்ட பிறகுதான் இந்த வியாபாரம் கொஞ்சமாவது ஒழுங்குக்கு வந்தது.

நீ பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று வடிகால். பாசன வாய்க்கால் மேட்டு வழியே போகும், வடிகால் பள்ளத்து வழியே போகும். மனை போடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பாசன வாய்க்காலை மூடினால், ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் கீழ் மடைக்காரர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். வடிகாலை மூடினால் ஐப்பசி வரைக்கும் ஒரு ஆள் கேட்க மாட்டார். ஐப்பசியில் கேட்கும்போது அங்கே நாற்பது வீடு குடியேறியிருக்கும். அவர்களும் உன் ஓட்டர்கள்தான், கடன் வாங்கிக் கட்டியவர்கள். ஆக, கேட்க வேண்டிய காலம் கல் நடுகிற காலம். இன்னொன்று பூங்கா இடம். 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பத்திரம் பதிந்ததா, பதிந்த இடத்தில் வேலி இருக்கிறதா என்று பார். வேலி இல்லாத பூங்கா இடத்தில் முதலில் ஜல்லி கொட்டுவார்கள், பிறகு கொட்டகை, பிறகு ஒரு சின்னக் கோயில். கோயில் வந்த பிறகு எந்தக் கவுன்சிலராலும் அந்த இடத்தை மீட்க முடிந்ததில்லை.

பழைய தெருக்களில் விஷயம் வேறு. ஏதாவது ஒரு திண்ணை வீட்டு வாசலில் நின்று படியைப் பார். நாலு படி வைத்துக் கட்டிய வீட்டில் இப்போது ஒன்றரைப் படி தெரியும். அடுத்த கருங்கல்லின் விளிம்பு தாரில் புதைந்து, மேலே வெள்ளிக்கிழமைக் கோலம் பாதி ஏறிக் கிடக்கும். வீடு இறங்கவில்லை, பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறியிருக்கிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் ரேழிக்குள். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். எஸ்டிமேட்டில் அந்தச் சுரண்டல் வேலைக்குத் தொகை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேள். இருந்தால், வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் நாலைந்து வீட்டுப் படிகளில் சுண்ணாம்பால் கோடு போட்டு வை. கான்ட்ராக்டருக்குப் பிடிக்காது. போடு.

ஒன்றைச் சொல்லக் கை கூசுகிறது, சொல்லாமலும் இருக்க முடியாது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரை, குறுகிய படிக்கட்டு, ஒரே கட்டடத்தில் அடைத்து வைத்த பிள்ளைகள். அந்தக் கூரையைத் தெருவில் போகிற வருகிற எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். கட்டட அனுமதி, உரிமம் என்று பைல் புரட்டும்போது உனக்குச் சலிப்பு வரும். உன் வார்டில் உள்ள பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி இவற்றின் இரண்டாவது வாசல் திறக்கிறதா, பூட்டா என்று வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்.

சேரிக்கு வருகிறேன் என்றேன். நம் பக்கத்தில் நத்தம் மேட்டில் இருக்கும், காலனி வடிகால் ஓரத்தில் இருக்கும். ஊர்ச் சாக்கடை முழுவதும் எங்கே போய் விழுகிறதோ அங்கேதான் வீடுகள். பேவர் பிளாக் முதலில் மேட்டுத் தெருவுக்கு வரும், ஏனென்றால் அங்கே பெட்டிஷன் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வடிகாலைத் தூர்வாருவது கீழ்க் கடைசியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் அத்தனையும் கீழே போய்த் தேங்கும். உன் முதல் தீர்மானம் அந்தக் கடைசித் தெருவுக்காக இருக்கட்டும். மேட்டுத் தெருக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் இடம் பகுதி சபை.

இந்தப் பகுதி சபைக்கு விதிகள் வந்ததே 2022-ல்தான். அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-லேயே நடைமுறைக்கு வந்து, நகரமைப்பை உள்ளாட்சிப் பட்டியலின் முதல் இனமாகவே வைத்திருந்தது. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று கிடைக்க நமக்கு இவ்வளவு காலம். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் பம்மல் பகுதி சபையில் முதலமைச்சர் போய் உட்கார்ந்தார். கேரளத்தில் 1996-லேயே திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்து, என்ன செய்வதென்று மக்களையே உட்கார்ந்து எழுத வைத்தார்கள். நம் ஊரில் நாற்காலி போட்டு டீ கொடுத்துக் கையெழுத்து வாங்கிக் கலைத்துவிடும் கூட்டங்களும் உண்டு. நீ வரைபடத்தைச் சுவரில் ஒட்டு. அவரவர் வீட்டில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று அவரவரே பென்சிலால் குறிக்கட்டும். மேட்டுத் தெருக்காரர் தன் சாக்கடை யார் வாசலில் முடிகிறது என்பதைப் பலர் முன்னிலையில் பார்க்கட்டும். பணம் போதாது என்று பதில் வந்தால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு பொதுமக்கள் போட்டால் மீதியை அரசு போடும். வசதியுள்ள தெரு அதில் பங்கு போடலாம். காலனியிடம் பங்கு கேட்காதே.

பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கிய மாநிலம் இது. ‘கவுன்சிலர் வீட்டுக்காரர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்ட சில பேரை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனாலும் அஜெண்டாவை நீயே படி. கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி படித்தால் போதாது. எந்தப் பொருளில் எந்த சர்வே எண் வருகிறது என்று வரைபடத்தோடு வைத்துப் பார்.

தேர்தலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தெருக் கோடியில் அடைபட்ட கல்வெர்ட் இருக்கிறதே, அதற்கு இப்போதே ஒரு மனு எழுது. அது மாநகராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் விசாரி. இல்லாவிட்டால் மூன்று ஆபீசும் உன்னைப் பந்தாடும். சர்வே எண், தெருப் பெயர், மழையன்று எடுத்த படம், பாதிக்கப்பட்ட வீடுகளின் கையெழுத்து எல்லாம் சேர்த்து இரண்டு நகல் எடுத்துக்கொள். ஒன்றில் சீல் போட்டு வாங்காமல் வாசற்படி இறங்காதே. ஐப்பசிக்கு முன் கொடுத்தால்தான் தூர்வாரும் பட்டியலில் சேரும்.

உன்
பெரியப்பா