எலக்ட்ரிக் டிரெயின் ரத்தா? பிளாட்பாரத்துல நின்னு தவிக்காதீங்க!

தாம்பரம் – சென்னை பீச் ரூட்ல தினமும் போய் வர்ற தங்கச்சிங்களா, தம்பிங்களா! "பராமரிப்புப் பணி காரணமாக மின்சார ரயில்கள் ரத்து"ங்கறது நமக்குப் புதுசா? 2024 ஆகஸ்ட்ல தாம்பரம் யார்டு வேலை நடந்தப்போ பட்ட பாடு மறந்துடுச்சா? இன்னமும் ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் விசாரிக்கிறீங்க. அக்கா சொல்றதைக் கேளுங்க.

1. முதல் நாள் ராத்திரியே பாருங்க. வேலைக்காக வண்டியை நிறுத்தி வைக்கிற 'லைன் பிளாக்' பெரும்பாலும் ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையிலயும்தான். தெற்கு ரயில்வே அறிவிப்பைப் பாருங்க. வாட்ஸ்அப்ல வந்தா தேதியைச் சரிபாருங்க; பழைய செய்தியா இருக்கும்.

2. தண்டவாள விரிசல்னு காதுல விழுந்தா காத்திருக்காதீங்க. ஒட்டுப்போட்ட இடத்தை வண்டிங்க ஊர்ந்துதான் கடக்கும். "சரியாயிடுச்சு"ன்னு சொன்ன பிறகும் நெரிசல் தீர நேரமாகும்.

3. மாற்று வழியை இப்பவே முடிவு பண்ணுங்க. கிண்டி, பரங்கிமலை, எழும்பூர்ல மெட்ரோவுக்கு மாறலாம். தாம்பரம் பக்கம்னா ஜிஎஸ்டி ரோட்டுல பஸ் பிடிச்சு ஏர்போர்ட் மெட்ரோவுக்குப் போயிடுங்க. ரயில் சீசன் டிக்கெட் மெட்ரோவுல செல்லாது. மெட்ரோ டிக்கெட்டுக்குத் தனியா பணம் இருக்கட்டும்.

4. பொண்ணுங்களா, அவசரத்துல ஆட்டோவுக்குக் கொட்டிக் கொடுக்காதீங்க. சாதாரணக் கட்டண பஸ்ல உங்களுக்கு டிக்கெட் இலவசம்.

5. இயர்போனைக் கழட்டுங்க. லோக்கல் லைன் அடைபட்டா வண்டியை எக்ஸ்பிரஸ் லைன்ல திருப்பி விடுவாங்க. சின்ன ஸ்டேஷன்ல நிக்காது. அறிவிப்பைக் கேக்காம ஏறிட்டு, உங்க ஸ்டேஷன் ஜன்னல் வழியா ஓடுறதைப் பார்த்துப் பதறாதீங்க.

6. வண்டி நடுவழியில நின்னா குதிச்சு நடக்காதீங்க. பக்கத்து லைன்ல வேற வண்டி வேகமா வரும். மேல கம்பியில 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுது. ஆபீஸ்ல ஒரு திட்டு வாங்கினா என்ன, உயிர் பெருசில்லையா?

7. தண்டவாளத்துல வேலை செய்யறவங்களைத் திட்டாதீங்க. இரும்பு வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும். வெல்டு வச்ச இடத்துல சில நேரம் பிளக்கும். அதை நேரத்துக்குக் கண்டுபிடிக்கறதாலதான் நாம பத்திரமா வீடு திரும்பறோம். ஆனா, முன்கூட்டிச் சொல்லாம வண்டியை ரத்து பண்ணினா சும்மா இருக்காதீங்க. 139க்குப் போன் பண்ணிப் புகார் கொடுங்க. கேக்கறது நம்ம உரிமை.